எனக் கொள்க

பாசையூர் ஐஸ் பக்டரியில் இரவுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
பில் புத்தகத்தில் போனைச் சாய்த்து வைத்தால்
ஏழு மணிக்குத் தொழில்நுட்பக் கல்லூரி திறக்கும்,
உள்ளங்கை அகலத்துக்கு.

பிரயோக கணிதம், இரண்டாம் அலகு.
வரவு இருபத்தாறு.
கமராவைத் திறந்தவர் எவருமில்லை.
ஒரு பெட்டிக்குள் மயில், ஒன்றில் யாருடையதோ புதுக் கார்,
என்னுடையதில் பெயரின் முதலெழுத்து மட்டும்.

“பிளசிடா, மைக்கை மூடுங்கோ.”
என் பின்னால் அரவை மெசின் ஐஸை மென்றுகொண்டிருக்கிறது.
விரிவுரையாளருக்குப் பின்னால் குக்கர், மூன்றாவது விசில்.
அதை ஒருவரும் சொல்லவில்லை.

இலேசான, நீளாத இழையொன்று
ஒப்பமான கப்பியின் மேலாகச் செல்கிறது எனக் கொள்க.

கொண்டேன்.
ஏழு மணிக்குக் கொள்வது சுகம்.
ஏழேகாலுக்கு றோசான் வந்து
“மேல் கப்பி இறுகுது அக்கா, கிறீஸ் எங்க?” என்கிறான்.
அவன் கையில் இழை என்பது துருவேறின சங்கிலி.
அதன் நிறையை
அவன் தோள் ஒருநாளும் புறக்கணித்ததில்லை.

“ஆகவே இதன் ஆர்முடுகல்…” என்றபோது
திரை உறைந்தது,
அவர் வாய் திறந்தபடி, சுண்ணக்கட்டி உயர்ந்தபடி.
நாற்பது செக்கன்.
திரும்பி வந்தபோது விடைக்குக் கீழே இரட்டைக் கோடு.

பத்தொன்பது வயதில்
இந்தத் தாளுக்குத்தான் நான் போகவில்லை.
சேர்க்கைப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்,
ஒரு வரி இடம் விட்டு.
‘ஏனையவை’ என்று எழுதினேன்.
இடம் மிஞ்சியது.

ஒப்படை: உமது சூழலில் நிகழும் மாற்றமொன்றின்
வீதத்தை அளந்து சமன்பாடாக்குக.

வெப்பமானி வாங்கவா என்று கேட்டேன்.
வேண்டாம், உருகி முடியும்வரை ஐஸ் பூச்சியத்திலேதான் நிற்கும்,
நிறையை அளந்து பாருங்கோ, என்றார்.
பன்னிரண்டு வருடம் ஐஸ் விற்கிறேன்.
இருந்தாலும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஒரு பார், என் சம்பளக் கணக்கில்.
ஒரு ரெஜிபோம் பெட்டி.
ஒரு மணிக்கு ஐம்பது கிலோ.
இரண்டுக்கு நாற்பத்தாறு.
மூன்றுக்கு நாற்பத்திரண்டும் சொச்சமும்.
நாலு மணிக்கு நித்திரையாகிப் போனேன்.
அந்தப் புள்ளியை வரைபுத்தாளில் வெறுமையாக விட்டேன்,
ஊகித்துப் போடவில்லை.
ஐந்துக்கு முப்பத்தாறு, அந்தோனியார் கோயில் மணியோடு.

விடிய ஐஸ் ஏற்ற வந்த அல்பினஸ் சம்மாட்டி
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
வளைகோட்டைக் கடைசி மட்டும் வாசித்தார்.
“இது பிழையெல்லோ.
என்ர பெட்டியில மத்தியானம் மட்டும் முக்கால்வாசி நிக்கும்.
நீ திறந்து திறந்து பாத்திருப்பாய்.”

நான் மாறிலி என்று எழுதியிருந்த எண்ணுக்குள்
என் கை கிடந்தது.
அன்று பின்னேரம்
‘வழுக்கள்’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகச் சேர்த்தேன்:
மூடியைத் திறந்தவள்.

இருபதுக்குப் பதினாலு வந்தது.
சிவப்பில் இரண்டு வசனம்.
நல்ல அவதானம்.
விடையில் அலகு எங்கே?

மணிக்கு எத்தனை கிலோ என்று போட மறந்திருக்கிறேன்.
இவ்வளவு காலமும் கிலோவை மட்டும் எழுதிப் பழகின கை,
மணித்தியாலத்தை முதலாளிதான் எழுதுவார்,
சம்பளப் புத்தகத்தில்,
அதுவும் குறைத்து.

இன்றைக்கு மூன்றாம் அலகு.
உராய்வு.
றோசானைக் கூப்பிட்டேன்.
கிறீஸ் பேணியோடு வந்து கதவடியில் நின்று
மைக் மூடியிருக்கா என்று
சைகையால் கேட்டான்.